வோல்ட்டும் ஆம்பியரும்: டிஜிட்டல் பேனல் மீட்டரை இணைக்கும் முறை

இன்வெர்ட்டர், சிறிய சோலார் பேனல், எல்.இ.டி. விளக்கு என்று இன்று பல வீடுகளில் ஒரு பேட்டரி இருக்கிறது. அதன் நிலையை அறிய டிஜிட்டல் பேனல் மீட்டர் வாங்கி நம் பிள்ளைகள் தாமே இணைத்துப் பார்க்கிறார்கள். பாராட்ட வேண்டிய ஆர்வம்தான். ஆனால் ஒரு வயர் இடம் மாறினால் மீட்டர் மட்டும் போவதில்லை, தீயும் பிடிக்கலாம். எனவே பெற்றோரும் இதைப் படித்து வைப்பது நல்லது.

வோல்ட் பார்ப்பது, மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பது போன்றது. குழாயில் கை வைக்க வேண்டியதில்லை. ஆம்பியர் பார்ப்பது, குழாயை வெட்டி நடுவில் தண்ணீர் மீட்டர் வைப்பது போன்றது. ஓடுவது முழுவதும் அதன் வழியாகவே போக வேண்டும். இதற்காக ஆம்பியர் மீட்டரில் ஷன்ட் எனும் உலோகத் துண்டு உண்டு. அதன் தடை மிக மிகக் குறைவு. அதைப் பேட்டரியின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வைப்பது, வெறும் கம்பியை வைப்பதற்குச் சமம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்கிறார்கள். ஷாக் அடிக்காது, வயர் பழுத்து எரியும்.

பரவலாகக் கிடைக்கும் 100 வோல்ட், 10 ஆம்பியர் டி.சி. மீட்டரில் மெல்லிய வயர் மூன்றும் தடித்த வயர் இரண்டும் இருக்கும். மெல்லிய சிவப்பும் கறுப்பும் மீட்டர் இயங்குவதற்கான மின்சாரத்துக்கு. மஞ்சள், வோல்ட் அளக்க வேண்டிய பாசிட்டிவுக்கு. தடித்த கறுப்பு பேட்டரியின் நெகட்டிவுக்கு. தடித்த சிவப்பு, விளக்கு போன்ற லோடின் நெகட்டிவுக்கு. சிவப்பு என்றதும் அதைப் பாசிட்டிவில் மாட்டிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. மாட்டிய கணமே ஷார்ட். லோடின் பாசிட்டிவ், ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவுக்குப் போக வேண்டும். அந்த ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். வயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியிலுள்ள படத்தைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

இவ்வகை மீட்டரில் மெல்லிய கறுப்பும் தடித்த கறுப்பும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். மெல்லிய கறுப்பை லோடு பக்க நெகட்டிவில் மாட்டினால், மின்சாரம் ஷன்ட்டை விட்டு அந்த மெல்லிய வயரில் ஓடும். ஆம்பியர் குறைத்துக் காட்டும், வயரும் சூடாகும்.

இன்வெர்ட்டருக்கு இந்த மீட்டர் ஆகாது. 600 வாட் லோடு 12 வோல்ட்டில் குறைந்தது 50 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 100 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் ஷன்ட்டைத் தனியாகத் தரும் மீட்டரை வாங்க வேண்டும். ஷன்ட் நெகட்டிவ் கேபிளில் போல்ட் வைத்து இறுக்கப்படும். மீட்டருக்கு மெல்லிய வயர்கள் மட்டுமே வரும். போல்ட் தளர்ந்தால் அந்த இடமே கொதிக்கும்.

சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.8 என்றால் தீர்ந்துவிட்டது; உடனே சார்ஜ் போட வேண்டும்.

வீட்டு 230 வோல்ட் லைனில் இந்த டி.சி. மீட்டரை ஒருபோதும் மாட்டக் கூடாது. அதற்கு வளையம் போன்ற சி.டி. காயிலுடன் ஏ.சி. மீட்டர் தனியாகக் கிடைக்கிறது. அந்த வளையத்துக்குள் பேஸ் வயரை மட்டுமே நுழைக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்து நுழைத்தால் ஒன்றையொன்று கழித்து 0 காட்டும். அந்த வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.