பின்பக்கம் தொய்ந்த எம்.ஜி.பி.

இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை வெளிவந்த எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்னும் திறந்த காரை இன்றும் பிரியத்தோடு பராமரித்து வருகிறவர்கள், அதன் பின்பக்கம் தொய்ந்து, டயரின் மேல்விளிம்பு மட்கார்டுக்குள் மறையத் தொடங்கியதும், முதற்காரியமாகச் சந்தேகிப்பது ஷாக் அப்சார்பரைத்தான். இந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. அந்தக் காரின் பின்னச்சுக்கு அமைந்திருப்பது நெம்புகோல் கையுடைய பழைய பாணி ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் எண்ணெய் சிறிய வால்வுகளின் வழியே நெருக்குண்டு போக வேண்டியிருப்பதால் ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்குகிறதேயல்லாமல், வண்டியின் பாரத்தில் ஒரு ராத்தலைக்கூட அது சுமப்பதில்லை. அதன் கையை அச்சோடு சேர்க்கும் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் வண்டி நின்ற உயரத்திலேயே நிற்பதை யாரும் பிரத்தியட்சமாகக் காணலாம்.

பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். பல வருஷங்கள் சுமந்து அதன் வளைவு குன்றிவிட்டால், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து வண்டியை உயர்த்திவிடலாம் என்று லாரி வேலையில் பழகியவர்கள் யோசனை சொல்வதுண்டு. அச்சுக்கு மேலே ஸ்பிரிங் அமைந்த வண்டிகளில் அது பலிக்கும். எம்.ஜி.பி.யிலோ பட்டையின் மேல் அச்சு உட்கார்ந்திருக்கிறது. நடுவே கட்டை புகுந்தால் அச்சு உயர, வண்டி இன்னும் தாழ்ந்துபோகும். பந்தயப் பிரியர்கள் வண்டியைத் தாழ்த்துவதற்கென்றே கையாளும் உபாயம் இது!

கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதால் உயரம் கிடைப்பது மெய்தான். ஆனால் ஸ்பிரிங் விறைத்து, மேடுபள்ளங்களில் பின்சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். தீயில் காய்ச்சி வளைப்பதோ, எஃகுக்குப் பதம் கொடுக்கத் தெரியாதவர் கையில், ஸ்பிரிங்கின் ஜீவனையே போக்கிவிடும்.

ஆகவே புது ஜோடிதான் உசிதம். ஆனால் எந்த எம்.ஜி.பி.யின் ஸ்பிரிங்கும் எந்த எம்.ஜி.பி.க்கும் பொருந்தும் என்று நினைப்பது தவறு. 1974-ன் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டங்களின் நிர்ப்பந்தத்தால், கறுப்பு ரப்பர் பம்பர் பொருத்தி வண்டி முழுவதையும் ஓர் அங்குலத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அந்தப் பிற்கால ஸ்பிரிங்கை முற்கால குரோம் பம்பர் வண்டியில் மாட்டினால், அதன் பின்பக்கம் விகாரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இதற்கெல்லாம் முன்னால் துருவைத் தேட வேண்டும். கூரையில்லாத இந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டமும் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிதான் உடலை நிமிர்த்தி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டப்பட்டிருக்கும் இடமும் அந்தப் பகுதியின் பின்கோடியை ஒட்டியதே. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினால், அங்கே தகடு உளுத்துவிட்டதென்று சந்தேகிக்கலாம். அந்த நிலையில் புது ஸ்பிரிங் வாங்குவது வீண் செலவு.

உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதும் ஒரு தவறான வழக்கம். டயரின் காற்று குறைந்தாலே கணக்கு பிசகும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபக்கமும் அளப்பதே முறை. ஒரு பக்கம் மாத்திரம் தாழ்ந்திருந்தாலும் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கினால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்குண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. புது ஸ்பிரிங் படியும்வரை வண்டி சற்று உயர்ந்தே நிற்கும். அதைக் கண்டு அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள்.