கட்டணமில்லாப் பேருந்து: ஈகையா, ஒப்புரவா?

திருவள்ளுவர் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல், ஈகை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். இரண்டும் பிறர்க்குப் பயன்படுதலைக் கூறுவனவாயினும் இரண்டும் ஒன்றல்ல. ஈகையாவது, உள்ளவன் ஒருவன் இல்லாதவன் ஒருவனுக்குக் கொடுத்தல்; ஆண்டுக் கொடுக்கும் கை மேலும் ஏற்கும் கை கீழுமாக நிற்கும். ஒப்புரவாவது, ஊரோடு ஒத்து வாழ்தலை அறிந்து ஊரார் அனைவர்க்கும் பயன்படுவதனைச் செய்தல். இதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளுள் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஊருணியில் நீர் முகப்பவளை இரவலள் என்று எவரும் சொல்லார். இவ்வேறுபாட்டைத் துணையாகக் கொண்டு, இக்காலத்துப் பெரிதும் பேசப்படும் கட்டணமில்லாப் பேருந்து இவ்விரண்டனுள் எதன்பாற் படும் என்பதைத் திருத்தணியை நிலைக்களனாக வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ்நாட்டில் அரசு போக்குவரத்துக் கழகங்களின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்னும் ஆணை 2021 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் கையொப்பமாகி, மறுநாள் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதே ஆண்டில் திருநங்கையர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் இவ்வுரிமை விரிவாக்கப்பட்டது. 2023 இல் இதற்கு ‘விடியல் பயணம்’ என்னும் பெயர் இடப்பட்டது. மாநிலத் திட்டக்குழு ஆராய்ந்து கண்டபடி, இதனாற் பயன்பெற்ற மகளிர் ஒருவர்க்குத் திங்கள்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாயிற்று. கூலிவேலை செய்யும் குடும்பத்திற்கு இஃது ஒரு சிறு தொகையன்று. ஒரு பெண் கல்லூரிக்குச் செல்வதா, வீட்டில் நிற்பதா என்பதனையே முடிவு செய்யவல்ல தொகை.

இனி, பணம் கொடாமல் ஏறுபவள் பிறர் பொருளில் ஏறுகின்றாள் அன்றோ எனின், அன்று என்க. பேருந்தினை ஓட்டுதற்கு வேண்டும் எண்ணெய்ச் செலவும் ஓட்டுநர், நடத்துநர் ஊதியமும் கட்டணம் நீங்கியதனால் நீங்கிவிடா. அவற்றை ஈடு செய்ய அரசு கழகங்கட்குப் பொருள் அளிக்கின்றது. அப்பொருளோ மக்கள் செலுத்தும் வரியினின்று வருவது. காலையிற் கடையில் ஒரு சோப்புக்கட்டி வாங்கும் கூலிப்பெண்ணும் அவ்வரியைச் செலுத்துகின்றாள். ஆதலின் ஊருணியில் அவள் ஊற்றிய குடமும் உண்டு. நடத்துநர் அவள் கையிற் கொடுக்கும் கட்டணமில்லாச் சீட்டும் இரக்கத்தின் அடையாளம் அன்று. எத்துணைப் பேர் சென்றனர் என்று எண்ணிக் கணக்கு வைத்தற்கு உரிய சான்றே ஆகும்.

இவ்வுண்மையை மறைப்பது ஒரு சொல். ‘ஓசி’ என்னும் அச்சொல் பேருந்திலும் தெருவிலும் எளிதாக வழங்குகின்றது. கற்றோர் நாவிலும் வருகின்றது. திருத்தணியிற் பிறந்து, வேலூர் ஊரிசு கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, 1962 இல் இந்தியக் குடியரசின் தலைவராய் உயர்ந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் உதவித்தொகைகளைக் கொண்டே கல்வி கற்றவர். அவர் கற்றதனை ‘ஓசிக் கல்வி’ என்று கூறுவார் உளரோ? கல்விக்குப் பொருந்தாத சொல் அக்கல்விக்குக் கொண்டு செல்லும் பேருந்துக்கு மட்டும் எங்ஙனம் பொருந்தும்? ஒருவர்க்கு அளித்த உரிமையை ஒரு சொல்லால் இரவலாக்கி விடுதல் பெருங்கொடுமை. தமிழ் கற்கும் நாம் இதனை முதலில் உணர்தல் வேண்டும்.

கட்டணமில்லாப் பேருந்து ஒப்புரவே என்பது பெறப்பட்டது. எனினும் ஊருணி என்று பெயரிட்ட அளவில் நீர் நிறையாது. நல்ல ஊருணிக்கு நீர் வரத்து, முகக்கும் உரிமை, இறங்கும் படித்துறை என மூன்று வேண்டும். இவை மூன்றனையும் முறையே பேருந்தொடு பொருத்திக் காண்பாம்.

முதலாவது நீர் வரத்து. பெல்ஜிய நாட்டு ஹாசெல்ட் நகரம் 1997 இல் தன் பேருந்துகளிற் கட்டணத்தை நீக்கிற்று. பயணிகள் பத்து மடங்கினும் மிக்கனர். செலவும் உடன் வளர்ந்தது. 2013 இல் அந்நகரம் பயணிகளிடம் மீண்டும் கட்டணம் பெறத் தொடங்கிற்று. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் என்பது நம்முடையது போன்ற ஒரு கல்லூரி நகரம். ஆண்டுப் பல்கலைக்கழகமும் இரண்டு ஊராட்சிகளும் செலவைத் தம்முள் பகிர்ந்துகொண்டு 2002 இல் கட்டணத்தை நீக்கின. பலர் கூடி ஊற்றுவது நீடித்து நிற்கும் என்பது இதனால் விளங்கும். தமிழ்நாட்டில் 2021 இல் இதற்கென மதிப்பிடப்பட்ட தொகை 1,200 கோடி ரூபாய். 2025-26 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டது 3,600 கோடி ரூபாய். வரத்து ஆண்டுதோறும் உறுதி செய்யப்படவேண்டும் என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இரண்டாவது முகக்கும் உரிமை. எஸ்தோனியத் தலைநகராகிய டாலின் 2013 சனவரி முதல் நாளில், தன் ஊர்ப் பதிவேட்டிற் பெயருள்ளார்க்கே கட்டணமில்லாப் பயணத்தை வழங்கிற்று. ஆந்திர மாநிலம் 2025 ஆகஸ்டு 15 இல் ‘ஸ்திரீ சக்தி’ என்னும் பெயரால் இத்திட்டத்தைத் தொடங்கியபோது, அம்மாநிலத்து மகளிர் தம் அடையாள அட்டையைக் காட்டிப் பயணம் செய்தல் வேண்டும் என விதித்தது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளையும் விலக்கிற்று. தமிழ்நாட்டுத் திட்டமோ ஏறும் பெண்ணை எவ்வூரினள் என்று வினவாத முறையில் அமைந்தது. திருத்தணியில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நில்லாது. 1953 இல் ஆந்திரத்தைச் சார்ந்து, எல்லைப் போராட்டத்தின் பின் 1960 ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு சேர்ந்த ஊர் இது. ஆடிக் கிருத்திகைக்கு இருமொழி மக்களும் இம்மலைக்கு வருகின்றனர். நகரியிலிருந்து வந்த தெலுங்குப் பெண் ஒருத்தி திருத்தணி நகரப் பேருந்தில் ஏறின், அவள் மொழியும் ஊரும் வினவப்படா. மனிதர் வகுத்த எல்லையைப் பேருந்தின் படி மறந்துவிடுகின்றது. இஃது ஒப்புரவின் சிறந்த இலக்கணம் என்போம்.

மூன்றாவது படித்துறை. நீர் நிறைந்திருந்தும் இறங்க வழியில்லையேல் பயன் என்னை? உரிமை சாதாரண நகரப் பேருந்துக்கே உரியது. மக்கள் ‘ரூட் பஸ்’ என வழங்கும் தொலைதூரப் பேருந்திலும் தனியார் பேருந்திலும் கட்டணம் உண்டு. பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு முதலிய நெசவு ஊர்களின் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்கு நகரப் பேருந்து நாளைக்கு இருமுறையே வருமாயின், அங்குள்ள மாணவி அதனைத் தவறவிட்ட அன்று பணம் கொடுத்தே கல்லூரிக்குச் செல்லல் வேண்டும். பணமில்லையேல் செல்லாதிருத்தல் வேண்டும். ஒரே சாலையில் ஒரே தொலைவிற்கு ஒருத்தி கட்டணமின்றியும் மற்றொருத்தி கட்டணத்தோடும் செல்வது அவரவர் வறுமையால் அன்று, வந்து நின்ற வண்டியின் வகையால். ஆகவே சிற்றூர்ப் பெண்ணுக்கு விடியலாவது கட்டணம் நீங்குதல் மட்டுமன்று. கல்லூரி மணி அடிக்குமுன் கொண்டு சேர்க்கும் பேருந்து நாள்தோறும் தவறாது வருதலுமாம்.

ஆண்கள் கட்டணம் செலுத்தப் பெண்கள் செலுத்தாமை நடுவுநிலையாகுமோ எனக் குறைகூறுவாரும் உளர். மத்தேயு எழுதிய நற்செய்தியின் 20 ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் முறுமுறுத்ததும் இத்தகையதே. பிந்தி வந்தோன் பெற்ற கூலியால் முந்தி வந்தோனுக்குப் பேசிய கூலி குறையவில்லை. சம்பளமும் துணையும் இன்றி வீட்டில் நெடுங்காலம் உழைத்தோர்க்கு வழி திறந்தால் மற்றையோர்க்கு வழி அடைபடுவதில்லை. ஆண்மக்களுள் வறியோர்க்கும் அவ்வழி திறக்கவேண்டும் என்று கேட்பது நேரிய வேண்டுகோள். திறந்ததனை அடைக்கவேண்டும் என்பது நேரியதன்று.

இதுகாறும் கூறியவற்றால், கட்டணமில்லாப் பேருந்து ஈகையன்று, ஒப்புரவே என்பது எம் துணிபு. ஈகையாயின் கொடுப்போன் விரும்பியபோது நிறுத்தலாம். ஏற்போனும் தலைகுனிந்து நிற்றல் வேண்டும். ஒப்புரவாயின் ஊருணியைத் தூர்வாருதல் ஊரார் அனைவர்க்கும் கடன்; நீர் முகப்போர் நிமிர்ந்து நிற்கலாம். கல்லூரி மாணவராகிய நம்மால் பேருந்து வாங்க இயலாது. ஆயின் எவ்வூர்க்கு எப்பொழுது வண்டி வருவதில்லை என்பதைக் கணக்கெடுத்து உரியவர்க்கு விண்ணப்பிக்க இயலும். உடன் ஏறும் பெண்ணை இழித்துரைக்கும் சொல்லை நம் நாவினின்று நீக்கவும் இயலும். முன்னதற்குச் சில நாள் உழைப்பு வேண்டும். பின்னதனை இன்றே தொடங்கலாம்.