சார்க்காய்டோசிஸும் எலும்பும்

க்ஷயரோகத்திற்கு எலும்புருக்கி எனப் பெயரிட்டு வழங்கினர் நம் முன்னோர். அந்நோயோடு தோற்றத்தில் பெரிதும் ஒத்து, இயல்பில் வேறாகிய நோயொன்று உண்டு. சார்க்காய்டோசிஸ் என்பது அதன் பெயர். அஃது எலும்பினைத் தாக்குமாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

1899-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து வைத்தியராகிய சீசர் பெக் என்பார் தோலில் எழுந்த சில கணுக்களைச் சோதித்து, அவற்றைச் 'சார்க்காய்டு' என்றார். 'தசை போன்றது' என்பது அச்சொல்லின் பொருள். 1920-இல் ஜெர்மானிய வைத்தியர் யுங்லிங், கைகால் விரலெலும்புகளில் உண்டாகும் குழிகளை எக்ஸ்-கதிர்ப் படங்களால் விளக்கினார். ஆயின் அவற்றை க்ஷயத்தின் ஒரு வகையென்றே கொண்டார். க்ஷயத்தின் கணுக்கள் நடுவே பாலாடைக் கட்டிபோற் சிதைவன. இந்நோயின் கணுக்களோ பெரும்பாலும் அங்ஙனம் சிதையா. க்ஷயக் கிருமியும் அவற்றிற் காணப்படாது. நோயின் காரணம் இன்னும் துணியப்படவில்லை.

எலும்புக்கு இந்நோயால் வரும் தீங்கு மூவகைத்து.

முதலாவது, கணுக்கள் எலும்பினுள்ளேயே தோன்றுதல். விரலெலும்புகள் படத்தில் பின்னல் வேலைபோற் காணப்படும். விரல் வீங்கி நோதலும் உண்டு. யாதொரு நோவுமின்றி இருத்தலும் உண்டு. முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் தோன்றுங்கால், படம் மட்டும் கண்டோர் பரவிய புற்றுநோயென மயங்குதல் கூடும். ஆதலின் சிறு துணுக்கெடுத்துச் சோதித்தல் வேண்டப்படும்.

இரண்டாவது, வைட்டமின் டி வழியாக வருவது. அவ்வைட்டமினை வீரியமுள்ளதாக மாற்றுந் தொழிலைச் சிறுநீரகம் அளவறிந்து செய்கின்றது. இந்நோயின் கணுக்களோ அதனைத் தடையின்றிச் செய்வன. அதனால் உணவினின்றும் எலும்பினின்றும் கால்சியம் மிகுதியாக இரத்தத்தை அடைகின்றது, எலும்பு தேய்கின்றது, சிறுநீரகத்திற் கல்லும் உண்டாகின்றது. வழக்கமான சோதனையில் வைட்டமின் குறைவுபோற் காணப்பட, வீரியமுள்ள வடிவமோ மிகுந்திருத்தல் உண்டு. அது தெரியாது மருந்தளிப்பின், பிறர்க்கு அளவாயிருப்பது இவர்க்கு மிகையாம். ஆதலின் இரு வடிவங்களையும் கால்சியத்தையும் ஒருங்கே அளந்தறிதல் நன்று.

மூன்றாவது, மருந்தால் வருவது. இந்நோயைத் தணிக்கும் பிரெட்னிசோலோன் முதலிய மருந்துகளே நாளடைவில் எலும்பை மெலிவிப்பன. அதற்கஞ்சி நோயாளர் தாமே திடீரென மருந்தை நிறுத்துதல் பெருந்தீங்காம். வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைத்தும் எலும்பின் திண்மையை இடையிடையே அளந்தும் காத்தல் வேண்டும்.

க்ஷயம் மிகுந்த நம் நாட்டில் இந்நோயை அதுவென்றே கொண்டு, பயனற்ற மருந்தைத் திங்கட் கணக்கில் உண்பித்தல் நேர்வதுண்டு. ஒப்புமை கண்ட மாத்திரத்தில் துணியாது வேற்றுமையையும் நாடுதல் அறிவுடையார் கடன். அக்கடனில் தவறின், அத்தவற்றின் பயனைச் சுமப்பது நோயாளியின் உடலே என்பதை மாணாக்கராகிய நாம் மறவாதிருப்போமாக.