தூண்டில் பிடிக்கும் கைக்கு ஏற்ற கையுறை

ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளிக்குக் கையே மூலதனமாகும். மரத்தில் காயம் படாமல் உளியைச் சீராக இழுத்து வருவது கையின் திறமை. அக்கையின் தோல் சிவந்து எரியுமானால், மறுநாள் வேலை துன்பமாகிவிடும். ஆகவே, ஓய்வு நாளிலும் கைகளைக் காத்துக்கொள்ளுதல் அவசியம்.

மரம் வெட்டுவோர் பெரும்பாலும் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி, மரநிழலில் அதனைச் செய்கின்றனர். ஞாயிற்றுக்கிழமையன்று தூண்டிலுடன் ஆற்றங்கரைக்கோ, பழைய ஈயக் குட்டைக்கோ, கடற்கரைக்கோ செல்லும்போது நிலைமை வேறாகிறது. அங்கே நிழல் குறைவு. தூண்டிற்கோலைப் பிடித்திருக்கும் கையின் புறப்பகுதி மணிக்கணக்கில் வெயிலை நோக்கியே இருக்கிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் கதிர்களும் மேனியைத் தாக்குகின்றன. தொப்பி முகத்திற்கு நிழல் தரும், கைக்குத் தராது.

“நமது கறுத்த மேனியை வெயில் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்பதுண்டு. கறுத்த தோலுக்கு இயற்கையான பாதுகாப்பு ஓரளவு உண்டு என்பது மெய்யே. ஆயினும், அது முழுமையான பாதுகாப்பன்று. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் எத்தோலையும் புண்படுத்தவும், விரைவில் முதுமையடையச் செய்யவும் வல்லவை. இதன் எரிச்சல் உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே தோன்றி, மறுநாள் மிகுதியாகும். வானம் மேகமூட்டமாய் இருந்தாலும் இக்கதிர்கள் ஊடுருவி வரும். தீபகற்ப மலேசியாவில் 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று கடிகாரம் அரைமணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. ஆதலால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணிக்குப் பிறகேயாகும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை கடுமையான நேரமெனக் கொள்க.

கையுறை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. நெசவு. கையுறையை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணியினூடே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கதிர்களும் நுழையும். சில உறைகளில் ‘யு.பி.எஃப். 50’ என அச்சிட்டிருப்பார்கள். அத்துணி புற ஊதாக் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும் என்பது இதன் பொருள். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடும். நனைந்தால் இன்னும் கூடுதலாக விடும். நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர் துணி நல்லது. அது விரைவில் உலரவும் செய்யும்.

2. அளவு. இறுக்கமான உறையில் துணி இழுபட்டு, இழைகளுக்கிடையே இடைவெளி உண்டாகும். மிகத் தளர்ந்த உறையோ தூண்டில் நூலில் சிக்கும். அணிந்து, விரல்களை மடக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

3. விரல் நுனி. முள்ளில் இரை கோக்கவும் முடிச்சுப் போடவும் விரல் நுனிகள் திறந்திருக்க வேண்டும். வெளியே தெரியும் பகுதிக்கு வெயில் தடுப்புக் களிம்பு பூசுங்கள்.

4. மணிக்கட்டு. சட்டைக் கைக்கும் உறைக்கும் இடையே தோல் தெரியாதவாறு உறை நீண்டிருத்தல் வேண்டும்.

மேலும் ஓர் எச்சரிக்கை. இவ்வுறை வெயிலுக்கு மட்டுமே உரியது. கெளுத்தி மீனின் முள்ளையோ கத்தியையோ அது தடுக்காது. களைக்கொல்லி தெளிக்கவோ, பால் உறைய வைக்கும் அமிலத்தைக் கையாளவோ இதனை ஒருபோதும் அணியாதீர்கள். துணி மருந்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும்; வெறுங்கையைவிட அது தீங்காக முடியலாம். அவ்வேலைகளுக்கென உள்ள, நீர் புகாத கையுறைகளையே பயன்படுத்துங்கள்.

மீன்பிடித்துத் திரும்பியதும் உறையை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். துணி நைந்து மெலிந்தால் புதியது வாங்குங்கள். ஞாயிறன்று கையைக் காத்தவரே திங்களன்று வலியின்றி உளியைப் பிடிப்பார்.