பகிரலை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை கரிசலும் கண்மாய்களும் விரிந்து கிடக்கின்றன. 2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி இவ்வூர்களையும் எட்டியது. கம்பிவழி இணையமோ பல வீடுகளை எட்டவில்லை.

அவ்விடைவெளியை நிரப்புவது திறன்பேசியின் பகிரலை. கோபுரத்திலிருந்து பெறும் இணைப்பைத் திறன்பேசி அருகலையாகப் பரப்புகிறது. கணினிக்கு ஓர் உள்முகவரி அளித்து, அது வேண்டுவதைத் தன் முகவரியால் பெற்றுத் தருகிறது. கண்மாய் நீர் மடைவழியே வயலுக்குச் செல்வதை ஒத்தது இது. கண்மாயில் நீர் இருக்கவேண்டும் என்பது வேறு.

இங்கும் அளவே சிக்கல். நாளொன்றுக்கு 1.5 ஜிபி மட்டுமே உள்ள வீட்டில், கணினி அதனை வரம்பற்ற இணைப்பெனக் கருதி, இயங்குதளப் புதுப்பித்தல்களைத் தானே பதிவிறக்கத் தொடங்கும். கல்லூரிச் சேர்க்கையின் இறுதி நாளன்று சான்றிதழ்களைப் பதிவேற்றும் மாணவிக்கு, விண்ணப்பம் முடியுமுன்னரே அன்றைய தரவு தீர்ந்துவிடக்கூடும். கணினியின் பிணைய அமைப்பில் இதனை ‘அளவிடப்படும் இணைப்பு’ எனக் குறித்துவிட்டால் அப்பதிவிறக்கங்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். பகிரலைக்குக் கடவுச்சொல் இடுவதும் இன்றியமையாதது. இல்லையேல் அண்டை வீட்டுப் பேசிகளும் அத்தரவைப் பருகும்.

அருகலையாகப் பரப்புகையில் திறன்பேசியின் மின்கலம் விரைந்து வடியும். ஆதலின் யுஎஸ்பி கம்பிவழி இணைப்பதே மேல். மின்தடை வேளையிலும் மடிக்கணினியிலிருந்தே திறன்பேசி மின்னேற்றம் பெறும்.