சிறு நாடும் பெருந்தொற்றும்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசிக் கடைவீதியிலும் காசு புழங்கும். இது எங்கள் பகுதியார் நன்கறிந்த பொருளாதாரம். தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமாயிற்று. நான்கு திங்களில் கொரோனாத் தொற்று வந்தது. 2020 மார்ச்சில் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது, டிசம்பரில்தான் நீங்கியது. 2021 ஏப்ரலில் மீண்டும் தடை. மீண்டும் டிசம்பரில்தான் அனுமதி. இவ்வாறு இரண்டு சாரல் காலங்கள் வீணாயின. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளரும், மங்குஸ்தான் பழம் விற்போரும் ஆண்டுப் பிழைப்பை ஈட்டுவது அச்சில மாதங்களிலேயே. 2020 ஆனியில் ஐந்தருவிச் சாலையில் நடந்தபோது, பூட்டிய கடைகளையே கண்டேன்.

ஆகவேதான் பூட்டான் நாட்டின் அனுபவம் என் கருத்தைக் கவர்ந்தது. ஏறத்தாழ ஏழரை இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டிலும் பயணிகளை நம்பிப் பிழைப்போர் பலர். 2020 மார்ச் 6-இல், அமெரிக்கப் பயணி ஒருவருக்குத் தொற்று உறுதியானதை அறிவித்த அன்றே, அரசு வெளிநாட்டுப் பயணிகளின் வருகையை நிறுத்தியது. காலியான விடுதிகள் தனிமை முகாம்களாயின. நாடு திரும்பிய குடிமக்கள் அங்கு 21 நாள்கள் தங்கவைக்கப்பட்டனர்.

வாசலை அடைத்ததோடு அரசு நின்றுவிடவில்லை. பிழைப்பிழந்தோருக்கு, மன்னரின் நிவாரணத் திட்டத்தின்கீழ் 2020 ஏப்ரல் முதல் மாதந்தோறும் உதவித்தொகை கிடைத்தது. வங்கிக் கடன் வட்டியிலும் சலுகை தரப்பட்டது. 2021 மார்ச் 27-இல் தொடங்கிய தடுப்பூசிப் பணியில், இரண்டே வாரங்களில் தகுதியுள்ள பெரியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் முதல் ஊசி பெற்றனர்.

சிறிய நாடாதலின் இஃது எளிது என்று கருதுதல் பிழையாகும். அம்முதல் ஊசி இந்தியா அன்பளிப்பாக அளித்தது. இங்கே நோய் பெருகி ஏற்றுமதி நின்றபோது, இரண்டாம் ஊசிக்கு அமெரிக்கா, டென்மார்க் முதலிய நாடுகளின் உதவியை நாடவேண்டியதாயிற்று. சிறுமையில் வசதியும் உண்டு. பிறர் கையை எதிர்பார்க்கும் துன்பமும் உண்டு.

நம் மாநில அரசும் அரிசி பெறும் குடும்ப அட்டைதாரருக்கு 2020-இல் 1000 ரூபாயும், 2021-இல் இரு தவணைகளாக 4000 ரூபாயும் வழங்கியது. பசி தணிக்க அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எல்லார்க்கும் ஒரே அளவான உதவி. அருவி அடைபட்டதால் ஆண்டு வருவாயையே இழந்தவரின் இழப்பை அதனால் ஈடுசெய்ய இயலாது.

தடை தவறென்று நான் கூறவில்லை. அஃது உயிர் காத்தது. ஆனால் ஊர் நன்மைக்காக இடும் அடைப்பின் சுமையைச் சிலர் மட்டுமே தாங்குதல் முறையன்று. தடையாணை எழுதும் நாளிலேயே, அதனால் பிழைப்பிழப்போரின் பட்டியலும் எழுதப்பட வேண்டும். சிறு நாட்டிடமிருந்து நம் சிற்றூர் கற்கவேண்டிய பாடம் இதுவே.