'டபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்

தமிழில் இரட்டை வேறு, இருமடங்கு வேறு. முன்னது சோடியாக அமைந்ததையும் பின்னது பெருகிய அளவையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'டபிள்' என்னும் ஒரே சொல் இவ்விரு பொருளிலும் வழங்குகிறது.

தொலைபேசி இலக்கத்தைக் கூறுபவர் 'டபிள் செவன்' என்றால் 77 என்று எழுதுதல் வேண்டும், 14 என்றன்று. வீதியோரத்து 'டபிள் யெலோ லைன்ஸ்' என்பது இரட்டை மஞ்சள் கோடு. அங்கு எந்நேரமும் வாகனம் நிறுத்தி வைத்தல் ஆகாது. ஒற்றைக் கோடாயின் அறிவிப்புப் பலகையில் குறித்த நேரங்களில் மட்டுமே தடை.

மருந்துகளைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவை. 'ட்வைஸ்' என்றால் இருமுறை. 'டேக் ஒன் ட்வைஸ் எ டே' என்பது ஒரு வேளைக்கு ஒரு மாத்திரையாக நாளொன்றுக்கு இருவேளை. 'டேக் டூ வன்ஸ் எ டே' என்பது இரண்டு மாத்திரைகளையும் ஒரே வேளையில் எடுப்பது. நாளின் மொத்தம் இரண்டே. ஆயினும் ஒரே நேரத்தில் உடலிற் சேரும் அளவு இருமடங்காகிறது.

மருந்துப் பெட்டியினுள் இருக்கும் துண்டுப்பிரசுரத்தில், ஒரு வேளை மருந்தை மறந்துவிட்டால் என்ன செய்வது என்னும் பகுதியில் 'டபிள் டோஸ்' என்னும் தொடரைப் பெரும்பாலும் காணலாம். அதற்கு முன்னுள்ள 'டூ நாட்' என்பதைத் தவறவிட்டு வாசித்தால் தடையே கட்டளையாகிவிடும். தவறிய வேளையை ஈடுசெய்ய இருமடங்கு மருந்து எடுக்கக் கூடாது என்பதே அதன் பொருள். பெற்றோருக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லும் வீடுகளில் இவ்வாக்கியத்தை முழுமையாக வாசிக்கச் செய்யுங்கள். ஐயமிருப்பின் மருந்தாளரிடம் கேளுங்கள். முன்பதிவோ கட்டணமோ தேவையில்லை.

'டபிள்' என்னும் சொல் தோன்றாமலேயே தொகை இருமடங்காவதும் உண்டு. இங்கிலாந்தில், ஓராண்டுக்கு மேல் வெறுமையாகவும் தளபாடமின்றியும் இருக்கும் வீடுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உள்ளூராட்சி மன்றங்கள் 100% வரையான மேலதிகக் கவுன்சில் வரி விதிக்கலாம். 100% என்பதை முழு வரி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. வழமையான வரி 1,800 பவுண் எனின், அதனுடன் மேலும் 1,800 சேர்ந்து 3,600 பவுண் செலுத்த நேரும். ஐந்தாண்டுகளுக்கு மேல் வெறுமையாக இருப்பின் இம்மேலதிக வரி 200% வரை உயரலாம். அப்போது செலுத்த வேண்டியது இருமடங்கன்று, மும்மடங்கு: 5,400 பவுண்.